வைத்தியருக்குப் பக்கத்தில் நிற்பவர்: மருத்துவ உதவியாளரின் சட்டப் பொறுப்பும் அறமும்

ஏறாவூரில் ஒருவர் மருந்தெடுக்கப் போனால், அவர் முதலில் சந்திப்பதும் கடைசியில் சந்திப்பதும் வைத்தியரை அல்ல. நம்பர் துண்டு கொடுப்பவர், பிரஷர் பார்ப்பவர், கிளினிக் கொப்பியை அடுக்கி வைப்பவர், புண்ணுக்கு மருந்து கட்டுபவர், குளிசையை எண்ணிச் சிறு உறையில் போட்டு "காலையும் இரவும்" என்று சொல்லிக் கொடுப்பவர் என்று பலர் கையைக் கடந்தே அவர் வீடு திரும்புகிறார். வைத்தியரோடு கழிவது சில நிமிடம். மீதி நேரமெல்லாம் உதவியாளர்களோடு கழிகிறது.

அந்த உதவியாளரின் கையில் பிழை நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? பிழை நேராமல் காக்க அவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர்? அந்தக் கடமையைச் செய்ய அவருக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்? இந்த மூன்று கேள்விகளையும் இலங்கைச் சட்டத்தையும் கிழக்கிலங்கை வாழ்க்கையையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ந்து வந்தடையும் முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். பயிற்சியும் பதவிப் பெயரும் எழுத்தில் வரையறையும் கொடுக்காமல் ஒருவர் தலையில் பொறுப்பை மட்டும் ஏற்றுவது அநீதி; அந்த அநீதியின் விலையைக் கடைசியில் நோயாளியே கொடுக்கிறார்.

யார் இந்த உதவியாளர்?

மட்டக்களப்பு நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், திருகோணமலை வீதியில், வாவியை அண்டியிருக்கும் ஊர் ஏறாவூர். முஸ்லிம்கள் செறிந்து வாழும் நகரம்; அதை ஒட்டிச் செங்கலடியும் சுற்றியுள்ள தமிழ்க் கிராமங்களும். ஊரில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இருக்கிறது. பெரிய வருத்தம் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இவற்றுக்கு இடையில் பிரதான வீதியிலும் உள்வீதிகளிலும் தனியார் டிஸ்பென்சரிகள், பாமசிகள், இரத்தப் பரிசோதனை நிலையங்கள்.

இந்த இடங்களில் "உதவியாளர்" என்ற ஒரே சொல்லுக்குள் மிக வேறுபட்ட மனிதர்கள் அடங்கிவிடுகிறார்கள். அரச வைத்தியசாலையில் தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கதிர்ப்பட உத்தியோகத்தர் என்று பயிற்சியும் பதிவும் பெற்றவர்கள் உண்டு. அவர்களுக்குக் கீழே சுகாதாரச் சிற்றூழியர்கள். வீட்டுக்கு வீடு போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இன்னொரு வகை. தனியார் டிஸ்பென்சரியில் நிற்பவரோ பெரும்பாலும் ஓ.எல் அல்லது ஏ.எல் படித்துவிட்டு வேலைக்கு வந்த பிள்ளை. அவருக்கு மருந்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவர் அந்த வைத்தியரோ, அவருக்கு முன் அங்கே நின்ற இன்னொரு பிள்ளையோதான். நோயாளியின் பார்வையில் எல்லாரும் "மிஸ்". சட்டத்தின் பார்வையில் ஒவ்வொருவரும் வேறு.

நீண்ட மரபு

வைத்தியரல்லாத ஒருவரைப் பயிற்றி, வைத்தியர் எட்டாத இடத்தில் நிறுத்துவது இந்நாட்டுக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மாணவர்களுக்கு மேற்கத்திய மருத்துவம் கற்பித்தார். பின்னர் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கித் தமிழிலேயே பாடம் நடத்தினார். அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். மருத்துவம் நோயாளியின் மொழியில் நடக்க வேண்டும் என்ற அவரது பிடிவாதம் இன்றைய விவாதத்துக்கும் உரியது.

1870இல் கொழும்பில் மருத்துவப் பாடசாலை தொடங்கிய பின் "அப்போதிக்கரி" என்ற பதவி நாடெங்கும் பரவியது. கிராமத்து மத்திய மருந்தகங்களையும் சிறு வைத்தியசாலைகளையும் பல தலைமுறைகளாகத் தாங்கியவர்கள் இவர்களே. பின்னர் இவர்கள் உதவி வைத்திய உத்தியோகத்தர்கள், பதிவு பெற்ற வைத்திய உத்தியோகத்தர்கள் என்று அழைக்கப்பட்டார்கள். மலையகத்தில் தோட்ட வைத்திய உதவியாளர் லயத்து மக்களின் பிரசவம் முதல் காயம் வரை எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக நின்றார். பல தோட்டங்களில் இன்றும் நிற்கிறார். உதவி வைத்திய உத்தியோகத்தருக்கான பயிற்சி 1990களின் நடுவில் நிறுத்தப்பட்டது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் போதிய அளவில் வந்துவிட்டார்கள் என்பது அதற்கான நியாயம்.

அந்த மரபில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்போதிக்கரிக்கு அதிகாரம் குறைவு. ஆனால் அந்த அதிகாரம் எது என்பது எழுதப்பட்டிருந்தது. பயிற்சி, பரீட்சை, பதிவு, மேற்பார்வை என்ற ஒழுங்குக்குள் அவர் வேலை செய்தார். இன்று டிஸ்பென்சரி மேசைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு இவற்றில் எதுவுமே இல்லை.

சட்டம் வரைந்த எல்லைகள்

இலங்கையில் மருத்துவத் தொழிலின் அடிப்படைச் சட்டம் 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம். அதன் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவச் சபை வைத்தியர்களை மட்டும் பதிவதில்லை. பல் வைத்தியர், மருந்தாளர், மருத்துவ மாது, உதவி வைத்திய உத்தியோகத்தர், ஆய்வுகூட மற்றும் கதிர்ப்படத் தொழிலினர், இயன்மருத்துவர் போன்ற துணைமருத்துவத் தொழிலினரையும் பதிகிறது. பதிவில்லாமல் இத்தொழில்களைச் செய்வது குற்றம். தாதியருக்கு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டம் உண்டு.

மருந்துக்கு வேறு சட்டம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின்படி பாமசிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்; தகுதி பெற்ற மருந்தாளர் அங்கே நிற்க வேண்டும்; அன்டிபயோடிக் போன்றவற்றை வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது. பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் முன்னெடுத்த மருந்துக் கொள்கையின் தொடர்ச்சியே இது. மருந்து அதன் பொதுப் பெயரில் எழுதப்பட வேண்டும், ஏழைக்கும் எட்ட வேண்டும் என்பது அவரது வாதம்.

தனியார் இடங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம். தனியார் வைத்தியசாலையோ டிஸ்பென்சரியோ ஆய்வுகூடமோ, எதுவானாலும் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. தொழிலினருக்குச் சட்டம் இருக்கிறது. மருந்துக்கும் கட்டடத்துக்கும் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் வைத்தியரின் சொல்லுக்கேற்ப மருந்தெடுத்துக் கொடுக்கும் பிள்ளைக்கு ஒரு பெயர் இல்லை. அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்லும் ஒரு பக்கமும் அவர் கையில் இல்லை. தடைசெய்யப்பட்ட வேலைகளின் எல்லையைப் பிற சட்டங்களிலிருந்து நாமே பொறுக்கியெடுக்க வேண்டியிருக்கிறது: ஊசி போடத் தகுதி வேண்டும், மருந்து வழங்கத் தகுதி வேண்டும், நோய் கண்டு சொல்லத் தகுதி வேண்டும். நடைமுறையில் இவற்றில் எத்தனையை அந்தப் பிள்ளை அன்றாடம் செய்கிறார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

பிழை நேர்ந்தால்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, அசட்டுத் துணிவான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. இந்தப் பிரிவு வைத்தியர் என்றோ உதவியாளர் என்றோ பிரித்துப் பார்ப்பதில்லை. "எனக்குச் சொன்னதைத்தான் செய்தேன்" என்பது முழுமையான பாதுகாப்பும் ஆகாது.

நட்டஈடு கேட்கும் குடியியல் வழக்குக்கு அடிப்படை நம் நாட்டில் இன்றும் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம். வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். வேலையின்போது ஊழியர் செய்யும் தவறுக்கு அவரை வேலைக்கு வைத்தவர் பொறுப்பு. அரச ஊழியராயின் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசே பொறுப்பேற்க வேண்டும். டிஸ்பென்சரி நடத்துபவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். தகுதியற்றவரிடம் ஊசியைக் கொடுத்த கை, ஊசி போட்ட கையைவிடக் கூடுதலாகப் பதில் சொல்ல நேரும். தகுதியற்றவரிடம் மருத்துவ வேலையை ஒப்படைப்பதைத் தொழில் ஒழுக்கமும் ஏற்பதில்லை.

இலங்கையில் மருத்துவக் கவனயீனம் பற்றிய மிக முக்கியமான தீர்ப்பு பேராசிரியர் பிரியாணி சொய்சா வழக்கு. அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு சிறுமி 1992இல் மூளைத்தண்டில் கட்டியுடன் இறந்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனமே மரணத்துக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று கூறி வைத்தியருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிழை நடந்தது என்று காட்டினால் போதாது. அந்தப் பிழையால்தான் கேடு வந்தது என்றும் காட்ட வேண்டும். செல்வாக்கும் சட்ட அறிவும் உள்ள அந்தச் சிறுமியின் குடும்பத்துக்கே இது இவ்வளவு கடினமானதென்றால், இலுப்படிச்சேனையிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு எவ்வளவு கடினம்! ஆகவேதான் வழக்கு வந்த பிறகு கிடைக்கும் நீதியைவிட வழக்கே வராமல் காக்கும் ஒழுங்கு முக்கியம்.

உதவியாளரை நேரடியாகத் தொடும் தீர்ப்பு இந்தியாவில் உண்டு. தில்லிக்கு அருகே நொய்டாவில் டைபாய்டு காய்ச்சலுக்குச் சேர்க்கப்பட்ட ஒரு குழந்தைக்கு ஒரு தாதி தவறான ஊசியை ஏற்றினார். குழந்தையின் இதயம் நின்றது. மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. விசாரணையில் அந்தத் தாதி தகுதி பெறாதவர் என்றும், வைத்தியர் தாமே போட வேண்டிய ஊசியை அவரிடம் விட்டுவிட்டார் என்றும் தெரிந்தது. ஸ்பிரிங் மெடோஸ் வழக்கு என்று அறியப்படும் இதில், குழந்தைக்கு 12.5 இலட்சமும் பெற்றோருக்கு 5 இலட்சமும் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 1998இல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பொறுப்பு வைத்தியசாலையின் மீது விழுந்தது.

நம் நாட்டில் 2023இல் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலுக்குச் சேர்க்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் இடது கை, கனுலா செருகிய பின் ஏற்பட்ட சிக்கலால் மணிக்கட்டை அண்டி அகற்றப்பட்டது. நாடே கொதித்தது. விவாதம் எந்தத் தனிநபர் மீது குற்றம் என்பதிலேயே சுழன்றது. ஒரு தாதிக்கு எத்தனை கட்டில், கனுலா போட்ட கையை எத்தனை மணிக்கொருமுறை பார்க்க வேண்டும், தாய் "கை வீங்குது" என்று சொன்னால் அதை எங்கே எழுத வேண்டும் என்ற கேள்விகளும் அதே அளவுக்குக் கேட்கப்பட வேண்டியவை.

ஒரு மாலை நேர டிஸ்பென்சரி

சட்டம் பெயர் சொல்லாத அந்தப் பிள்ளையின் வேலை எத்தகையது என்பதற்கு, ஊரில் ஒரு டிஸ்பென்சரியில் கண்ட காட்சி ஒன்று. மஃரிப் தொழுகை முடிந்த நேரம். பெஞ்சு நிறைய ஆட்கள். சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் மருந்தெடுக்கும் ஒரு முதிய பெண், உறையைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மகள், எப்பவும் அரைக் குளிசதானே தருவீங்க, இண்டைக்கு முழுசா இருக்கே?"

பின்னால் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். "டொக்டர் கூட்டியிருப்பார் மாமி" என்று சொல்லி அனுப்பிவிட்டால் ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. அந்தப் பிள்ளை உறையைத் திருப்பி வாங்கினார். துண்டைப் பார்த்தார். "கொஞ்சம் இரிங்க மாமி, கேட்டுட்டு வாறன்" என்று உள்ளே போனார். வைத்தியர் எழுதியிருந்தது 40 மில்லிகிராம் கிளிக்ளசைட். தட்டில் இருந்ததோ 80 மில்லிகிராம் குளிசை. பாதியாக உடைக்க வேண்டும். முழுதாய்ச் சாப்பிட்டிருந்தால் இரவில் சீனி இறங்கி மயங்கியிருக்கலாம். தனியே உறங்கும் முதியவருக்கு அது உயிராபத்து.

அந்தப் பிள்ளைக்கு எந்தச் சபையிலும் பதிவில்லை. ஆனால் மருத்துவ அறத்தின் முதல் பாடத்தை அவர் செய்து காட்டினார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவில்லை. நோயாளியின் சந்தேகத்தைத் தொந்தரவாக எடுக்கவில்லை. வைத்தியரிடம் திரும்பிக் கேட்பதை அவமானமாக நினைக்கவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு: திரும்பிக் கேட்டதற்கு வைத்தியர் எரிந்து விழுந்திருந்தால் அடுத்த முறை அவர் கேட்டிருக்க மாட்டார். கேள்வி கேட்க இடமளிப்பது வைத்தியரின் கடமை.

மருந்தும் பெயரும்

மருந்து கொடுப்பவருக்கு உலகெங்கும் சொல்லிக் கொடுக்கும் விதி: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இதில் எளிதாகத் தோன்றும் முதல் விதியே ஏறாவூரில் கடினமானது. கிளினிக்கில் "பாத்திமா" என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழும்புவார்கள். பெயரை மட்டும் நம்பி மருந்தையோ அறிக்கையையோ கொடுக்கக் கூடாது. பெயரோடு கிளினிக் நம்பரையோ பிறந்த திகதியையோ கேட்டே கொடுக்க வேண்டும். அதுவும் "நீங்கதானே பாத்திமா?" என்று கேட்கக் கூடாது, காது மங்கிய முதியவர் ஓமென்று தலையாட்டிவிடுவார். "உங்கட பேர் என்ன?" என்று கேட்டு அவரையே சொல்ல வைக்க வேண்டும்.

ஊசி போடுமுன் "முந்தி ஏதாவது மருந்து ஒத்துக்காமல் போயிருக்கா?" என்று கேட்பது சட்டத்துக்கும் அறத்துக்கும் பொதுவான கடமை. கேட்டதைக் கொப்பியில் எழுதாவிட்டால் கேட்டதாக நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம்.

வாவியோர ஊர்களுக்கு மழைக்காலம் டெங்குக் காலம். 2017இல் நாட்டில் 186,101 டெங்கு நோயாளர் பதிவான பேரலையை எவரும் மறந்திருக்க முடியாது. டெங்கு என்ற சந்தேகம் உள்ளபோது புரூபன், டைக்ளோபினாக் போன்ற வலிநிவாரணிகள் இரத்தக்கசிவைக் கூட்டும்; பரசிற்றமோல் மட்டுமே பாதுகாப்பு. வைத்தியர் வருமுன் "காய்ச்சல் குளிசை ஒண்டு தாங்க" என்று வந்து நிற்பவருக்குக் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பது உதவியாகாது; அந்த இடத்தில் மறுப்பதே உதவி. டெங்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். சந்தேகம் வந்தவுடனேயே எச். 544 படிவத்தில் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பது வைத்தியரின் சட்டக் கடமை. அந்தப் படிவத்தை நிரப்பி, நேரத்துக்கு அனுப்பி வைப்பது பல இடங்களில் உதவியாளரின் கையிலேயே இருக்கிறது. ஒரு நாள் தாமதம் ஒரு தெருவுக்கே நோயைக் கொண்டுபோகும்.

இரகசியம்

சிறிய ஊரில் இரகசியம் காப்பது பெரிய நகரத்தைவிடக் கடினம். டிஸ்பென்சரியில் வேலை செய்பவரின் ராத்தா நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரியாக இருப்பார். யாருக்குக் காசநோய், எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் என்ன பரிசோதனை, யார் மனநோய்க்கு மருந்தெடுக்கிறார் என்ற செய்தி ஒரு நாளில் ஊரைச் சுற்றும். அதனால் ஒரு கல்யாணம் நிற்கலாம். ஒருவர் மருந்தெடுப்பதையே நிறுத்தலாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையாக எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் இன்று பெரிய ஆபத்து வட்ஸ்அப். வைத்தியருக்கு அனுப்புவதற்காக அறிக்கையைச் சொந்த போனில் படம் எடுக்கிறார்கள். அது போனிலேயே தங்கிவிடுகிறது. போன் வீட்டுப் பிள்ளைகள் கையில் போகிறது. தேவையானதை அனுப்பியதும் அழித்துவிட வேண்டும், நோயாளியின் பெயர் தெரியாமல் எடுக்க வேண்டும் என்ற எளிய பழக்கம் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்கும்.

தற்கொலைக்கு முயன்றவர் விடயத்தில் இது இன்னும் கூர்மையானது. இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றமாக இருந்த சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டது. ஆனால் "இது பொலிஸ் கேஸ்" என்று வாசலில் நின்றே குரலை உயர்த்தும் வழக்கம் இன்னும் போகவில்லை. உயிரோடு மீட்கப்பட்டவரை எல்லார் முன்னும் குற்றவாளியாக்குவதற்குச் சட்டத்திலும் இடமில்லை, அறத்திலும் இடமில்லை. வீட்டு வன்முறையால் காயப்பட்டு வரும் பெண்ணுக்கும் தனிமை வேண்டும்; கணவனோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது அவர் உண்மையைச் சொல்லமாட்டார். "எக்ஸ்ரே எடுக்கணும், நீங்க மட்டும் வாங்க" என்று அவரைத் தனியே அழைத்துக் கேட்கக்கூடியவர் பெரும்பாலும் உதவியாளரே. அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்ற உதவி மையங்கள் இதற்காகவே இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புக் கட்டளைக்கு வழி திறக்கிறது. இந்த வழிகளை உதவியாளர் அறிந்திருந்தால்தான் அவர் கேட்ட கேள்விக்குப் பயன் இருக்கும்.

மொழியும் சம்மதமும்

கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி. இருந்தும் நம் வைத்தியசாலைகளுக்குச் சிங்களம் மட்டுமே தெரிந்த இளம் வைத்தியர்கள் நியமனம் பெற்று வருகிறார்கள். அவர்கள் அர்ப்பணிப்போடு உழைக்கிறார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளர் யார்? பக்கத்தில் நிற்கும் சிற்றூழியர். நோயாளி, "நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது, இடக்கையும் விறைக்குது" என்று சொல்ல, அது "நெஞ்சு வலி" என்று மட்டும் வைத்தியரைப் போய்ச் சேர்ந்தால், விறைப்பு என்ற தகவல் காணாமல் போகிறது. மொழிபெயர்ப்பவர் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். புரியாததை மீண்டும் கேட்க வேண்டும். தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது. இது ஒரு மருத்துவப் பணி. ஆனால் இதற்கு எவரும் அவருக்குப் பயிற்சி கொடுத்ததில்லை.

சம்மதமும் மொழியில்தான் தங்கியிருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு முன் "இதில ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டுவது சம்மதம் பெறுவதாகாது. என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை விளக்குவது வைத்தியரின் கடமை. நோயாளிக்கு விளங்கவில்லை என்று கண்டால் கையெழுத்தை நிறுத்தி வைத்தியரை அழைப்பது உதவியாளரின் கடமை. வயது வந்த பெண்ணின் சம்மதத்தை அவர் கணவரிடமிருந்து பெறுவது அவரை ஒரு பொருளாக நடத்துவதாகும்.

பெண் நோயாளியை ஆண் வைத்தியர் சோதிக்கும்போது பெண் உதவியாளர் ஒருவர் உடனிருப்பது, ஏறாவூர் போன்ற ஊரில் நோயாளி சிகிச்சைக்கு வருவாரா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது. அவர் திரையை இழுத்துவிட வேண்டும்; தேவையான இடத்தை மட்டும் விலக்க வேண்டும்; பிழை ஏதும் கண்டால் சாட்சியாக நிற்கவும் துணிய வேண்டும். இருவர் மானத்தையும் காப்பவர் அவர்.

சட்டமே வழிதவறியபோது

உதவியாளரின் அறத்தைச் சட்டத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்பதை இந்த மாவட்டம் அண்மையில் அனுபவித்தது. 2020 ஏப்ரல் வர்த்தமானி, கொரோனாவால் இறந்த எல்லாரையும் தகனம் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே சொல்லியிருந்தது. முஸ்லிம் குடும்பங்களுக்கு அது மரணத்துக்கு மேல் இன்னொரு மரணமாய் இருந்தது. சிலர் வைத்தியசாலைக்குப் போகவே அஞ்சினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அந்த விதி மாற்றப்பட்டது. மார்ச் மாதம் இதே மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது.

அந்த மாதங்களில் வாசலில் நின்று குடும்பத்துக்கு அந்தச் செய்தியைச் சொன்னவர்கள் அமைச்சரோ பணிப்பாளரோ அல்ல, கீழ்நிலை ஊழியர்களே. விதியை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. ஆனால் எப்படிச் சொல்வது, முகத்தை ஒருமுறை பார்க்க விடுவதா, அழுபவரை விரட்டுவதா, பக்கத்தில் இருந்து ஆற்றுவதா என்ற தெரிவு அவர்கள் கையில் இருந்தது. தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டும் வன்முறையின் காயங்களைச் சுமக்கும் ஒரு பிரதேசத்தில், வைத்தியசாலையின் நம்பிக்கை இப்படிப்பட்ட சிறு தெரிவுகளால்தான் கட்டப்படுகிறது, உடைகிறது. தமிழ்த் தாதியிடம் முஸ்லிம் நோயாளியும் முஸ்லிம் ஊழியரிடம் தமிழ் நோயாளியும் பயமின்றிக் கை நீட்ட முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் பெயர் தெரியாத பல உதவியாளர்களின் நேர்மை இருக்கிறது.

பிற நாடுகள் காட்டும் வழி

இந்தியா 2021இல் துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களுக்குக் கல்வித் தரமும் பதிவேடும் வகுக்க முனைந்தது. நடைமுறை மெதுவாக நகர்ந்தாலும், பெயரில்லாதவர்களுக்குப் பெயர் கொடுக்கும் முதல் படி அது. பிரித்தானியாவில் தங்களைப் பார்த்த, வைத்தியரல்லாத உதவியாளர்களை வைத்தியர் என்று நோயாளிகள் தவறாக எண்ணிக்கொண்டது பெரும் சர்ச்சையானது. 2024 டிசம்பரிலிருந்து அவர்கள் அந்நாட்டு மருத்துவச் சபையின் ஒழுங்குக்குள் வந்தார்கள். 2025இல் வெளியான லெங் அறிக்கை அவர்களது பதவிப் பெயரையே "உதவியாளர்" என்று தெளிவாக மாற்றப் பரிந்துரைத்தது. தான் யார் என்பதை நோயாளிக்கு மறைக்காமல் சொல்வதும் ஒரு பொறுப்பு என்பதே அதன் சாரம். நம் ஊரில் எல்லாரையும் "மிஸ்" என்றும் "டொக்டர்" என்றும் அழைக்க விட்டுவிடுகிறோம். நெஞ்சில் பெயரும் பதவியும் தமிழில் எழுதிய அட்டை குத்துவதற்குப் பெரிய செலவில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு டிஸ்பென்சரியும் தன் உதவியாளர் செய்யக்கூடிய வேலைகளையும் செய்யக் கூடாத வேலைகளையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, வைத்தியர் கையொப்பமிட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆண்டுப் பதிவைப் புதுப்பிக்கும்போது மாகாண சுகாதாரத் துறை இந்தப் பக்கத்தைக் கேட்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, பயிற்சி. மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிப் பாடசாலையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. பராமரிப்பாளருக்கு ஏற்கெனவே என்.வி.கியூ. சான்றிதழ் உண்டு. அதே வழியில் டிஸ்பென்சரி உதவியாளருக்கும் மருந்தளவு, ஒவ்வாமை, தொற்றுத் தடுப்பு, இரகசியம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றை உள்ளடக்கிய குறுகிய பாடநெறி ஒன்றைத் தமிழில் வகுக்க வேண்டும். கிறீன் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் செய்துகாட்டியதை நாம் இன்று செய்ய முடியாது என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மூன்றாவது, பிழையைச் சொல்பவருக்குப் பாதுகாப்பு. கொடுத்த மருந்து தவறென்று உடனே சொன்னால் பல உயிர்களைக் காப்பாற்றலாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைத்தால் அந்த நேரம் போய்விடும். உடனே சொன்னவரைத் தண்டிக்காமல், மறைத்தவரைத் தண்டிக்கும் ஒழுங்கு வேண்டும்.

நான்காவது, கூலி. பலர் உயிரைத் தாங்கும் வேலைக்குக் கடையில் சாமான் கட்டும் வேலைக்குரிய சம்பளம் கொடுத்துவிட்டு, பொறுப்பை மட்டும் வைத்தியசாலை அளவுக்குக் கேட்பது நியாயமாகாது.

சட்டம் திருந்தும்வரை நோயாளி காத்திருக்க மாட்டார். இன்று மாலையே வந்து நிற்பார். அதனால் உதவியாளரின் அறம் இன்றே தொடங்க வேண்டியது: தெரியாததைக் கேள், பெயரைச் சரிபார், கேட்டதை எழுது, அறிந்ததை வெளியே சொல்லாதே, தகுதியில்லாத வேலையை யார் சொன்னாலும் செய்யாதே. ஆனால் இதை அவர் தனியே தாங்க முடியாது. அவரிடம் இவற்றை எதிர்பார்க்கும் ஒவ்வொரு வைத்தியரும் முதலாளியும் அதிகாரியும், அவர் மறுத்துப் பேசும் வேளையில் அவர் பக்கம் நிற்கக் கடமைப்பட்டவர்கள்.